ஆபிக்கு உயரம் என்றால் பயம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நீளமான பதிவு. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2', 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' இரண்டாம் பாகம், 'டிஸ்கோ எலிசியம்', 'வெண்பா' ஆகிய நான்கு கேம்களின் கதையும் இதில் வருகிறது. விளையாட நினைத்திருப்பவர்கள் விளையாடி முடித்துவிட்டு வாருங்கள். கேம் பக்கமே போகாதவர்கள் தாராளமாக வாசிக்கலாம். உங்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

மாத்தளையில் நான் பழகும் பிள்ளைகள் இப்போது ராசி கேட்பதை விட நாலெழுத்துக் கேட்பது அதிகம். வாட்ஸ்அப்பில் பெயருக்குக் கீழே ஐ.என்.எஃப்.ஜே, ஈ.என்.டி.பி என்று போட்டிருப்பார்கள். தங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு விடுவதில்லை. விளையாடும் கேமில் வருகிற ஒவ்வொருவருக்கும் வைப்பார்கள். உக்குவளையிலிருந்து டியூஷனுக்கு வரும் என் சித்தி மகன் போன வாரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"அக்கா, ஆர்தர் மோர்கன் ஐ.எஸ்.டி.பி தானே?"

"ஏன்டா அப்படிச் சொல்ற?"

"துப்பாக்கி, குதிரை, அதிகம் பேசமாட்டான். வேற என்ன வேணும்?"

இந்த "வேற என்ன வேணும்" பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவன் கேட்டது நல்ல கேள்வி. ஒரு கற்பனை மனிதரை எடுத்து வைத்துக்கொண்டு "இவர் எப்படிப்பட்டவர்" என்று இரவு பதினொரு மணி வரை வாதிடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. மனிதர்களைக் கவனிக்கப் பழகுகிறார்கள். எங்கள் தலைமுறை சினிமாவையும் நாவலையும் வைத்துச் செய்ததை இவர்கள் கேமை வைத்துச் செய்கிறார்கள்.

ஆளை வகை பிரிப்பது நம் வீடுகளுக்குப் புதியதும் இல்லை. மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று சம்பந்தம் தட்டிப்போன வீடுகள் எங்கள் லய வரிசையிலேயே இருந்தன. பெண் எப்படிப்பட்டவள் என்று யாரும் பார்க்கவில்லை. பிறந்த நேரம் பேசியது, அவள் பேசவில்லை. நாலெழுத்தும் அந்த இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அந்த நாலெழுத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் உளவியல் வகைகள் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற மகளும் அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். ஆட்களோடு இருந்தால் தெம்பு வருகிறதா (ஈ), தனித்திருந்தாலா (ஐ)? கண்ணில் பட்டதை நம்புகிறவரா (எஸ்), அதற்குப் பின்னால் இருக்கும் தொடர்பைத் தேடுகிறவரா (என்)? தர்க்கம் பார்த்து முடிவெடுப்பவரா (டி), மனிதரைப் பார்த்தா (எஃப்)? முடித்து வைத்தால்தான் நிம்மதியா (ஜே), திறந்தே விட்டால் நிம்மதியா (பி)? இரண்டிரண்டாக நாலு கேள்வி, மொத்தம் பதினாறு வகை. இசபெல் அதற்கு முன் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். கற்பனைப் பாத்திரங்களோடு பழகிய ஒருவர் கை வைத்த கருவி இது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். உளவியல் ஆய்வுக்கூடத்தை விட, கதை வாசிக்கும் திண்ணையில்தான் இதற்கு மதிப்பு அதிகம்.

ஏனென்றால் ஆய்வாளர்கள் இதை அவ்வளவாக ஏற்பதில்லை. ஒரே ஆள் சில வாரம் கழித்துத் திரும்பவும் எழுதினால் வேறு வகை வருவது சகஜம். மனிதர்களில் பெரும்பாலானோர் நடுவில்தான் இருக்கிறார்கள், ஆனால் கேள்வித்தாள் நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தள்ளுகிறது. வேலைக்கு ஆள் தெரிவு செய்ய இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை நடத்தும் அமைப்பே சொல்கிறது. ஆக உங்கள் நண்பரின் வாழ்க்கையை இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கதை பேசப் பயன்படுத்துங்கள்.

கேமுக்கும் இதற்கும் பழைய உறவு வேறு இருக்கிறது. 1985இல் வந்த 'அல்டிமா 4' கேமைத் தொடங்கினால் ஒரு குறிசொல்லும் பெண் தர்மசங்கடமான கேள்விகளாகக் கேட்பாள். உண்மை பெரிதா இரக்கம் பெரிதா, நேர்மையா வீரமா என்று இரண்டு நற்குணங்களை மோத விடுவாள். உங்கள் பதில்தான் நீங்கள் யாராக விளையாடப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். 'பெர்சோனா' வரிசைக் கேம்கள் யுங்கின் கருத்துகளை நேரடியாகவே எடுத்துக்கொண்டன.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வகை என்பது காலப்போக்கில் வேலையாகவும் பொழுதுபோக்காகவும் சுருங்கிவிட்டது. ஐ.என்.டி.ஜே என்றால் சதி செய்யும் மேதை. ஐ.என்.எஃப்.பி என்றால் அழுதுகொண்டே கவிதை எழுதுபவர். ஈ.எஸ்.டி.பி என்றால் அடிதடி. ஐ.எஸ்.எஃப்.ஜே என்றால் சோறு போடும் அம்மா. இப்படி ஒரு அச்சு இருக்கும்போது கேமில் வரும் ஆளைப் பார்க்கவே தேவையில்லை, அவர் கையில் இருக்கும் சாமானைப் பார்த்தால் போதும். துப்பாக்கி வைத்திருக்கிறாரா, அகப்பை வைத்திருக்கிறாரா?

தொல்காப்பியர் இதை விடக் கவனமாக யோசித்தவர். மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு ஊற்றுக்கண்களைக் காட்டுகிறார். அழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். அவமானப்பட்டும் அழலாம், இழந்தும் அழலாம், நிலை தாழ்ந்தும் அழலாம், வறுமையிலும் அழலாம். வெளியே தெரிவது ஒரே கண்ணீர். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அழுகிறவரைத் தெரியும். வகை பிரிப்பதில் உருப்படியான கேள்வியும் அதுதான். இந்த ஆள் என்ன செய்கிறார் என்பதோடு நிற்காமல், எதிலிருந்து செய்கிறார் என்று கேட்க வேண்டும்.

ஆர்தரிடம் வருவோம்.

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' 2018 ஒக்டோபரில் வந்தது. கதை நடப்பது 1899இல். ஆர்தர் மோர்கன் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் அடியாள். கூட்டத்துக்காக வட்டிக் கடன் வசூலிக்கிறான். அப்படி வசூலிக்கப் போன இடத்தில் தோமஸ் டௌன்ஸ் என்ற நோயாளி விவசாயியை அடிக்கிறான். அந்த மனிதர் இருமிய இரத்தம் ஆர்தரின் முகத்தில் படுகிறது. அங்கே ஒட்டிக்கொண்ட காசநோய்தான் கடைசியில் ஆர்தரைக் கொல்கிறது. கங்காணிக் கடனிலும் துண்டு முறையிலும் இரண்டு மூன்று தலைமுறை கட்டுண்டு கிடந்த சனங்களின் பேத்தி நான். கடன்சீட்டோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளையே மாற்றிய அந்த முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான். கடன் வசூலிக்கிறவன் வாசலில் நிற்கும் காட்சியை என்னால் சும்மா ஒரு மிஷன் என்று கடந்துபோக முடியவில்லை. அதனால்தான் ஆர்தரை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தேன்.

அவன் முரடன். ஆனால் அவனிடம் ஒரு நாட்குறிப்பு இருக்கிறது. பகலில் சுட்டுவிட்டு வந்தவன் இரவில் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து மானை வரைகிறான், பூவை வரைகிறான், பார்த்த கட்டடத்தை வரைகிறான். வரைவதோடு எழுதவும் செய்கிறான், நன்றாகவே எழுதுகிறான். வாயைத் திறந்தால் தன்னை மடையன் என்றுதான் சொல்லிக்கொள்வான்.

இங்கே கேமுக்கே உரிய ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நாவலில் வரும் ஆள் செய்வதெல்லாம் அவர் செய்தது. கேமில் பாதியை நாம் செய்கிறோம். வழியில் போகிறவனைச் சுடுவதா, கை கொடுத்துத் தூக்குவதா என்பது நம் விரலில் இருக்கிறது. என் சித்தி மகனின் ஆர்தர் ஊரையே கொளுத்துவான், அவனுடைய கூட்டாளியின் ஆர்தர் மீன் பிடித்துக்கொண்டு திரிவான். இரண்டையும் வைத்து ஆர்தரை வகைப்படுத்த முடியாது. அப்படியானால் எதை வைத்துச் செய்வது? நம் கை எட்டாததை வைத்துத்தான். நாட்குறிப்பில் அவன் தனக்குத்தானே பேசும் குரல் அவனுடையது. அவன் எதை வரைகிறான் என்பது அவனுடையது. சாவு நிச்சயம் என்று தெரிந்த பிறகு, ரயில் நிலையத்தில் அந்த வயதான கன்னியாஸ்திரியிடம் தனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் இடம் இருக்கிறதே, அந்தக் காட்சியில் நாம் அமத்துவதற்கு ஒரு பட்டனும் இல்லை.

அதை வைத்துப் பார்த்தால் ஆர்தர் ஐ.எஸ்.எஃப்.பி என்பது என் தீர்ப்பு. உள்ளே தனக்கென்று ஒரு சரி பிழை வைத்திருக்கிறான். கூட்டத் தலைவன் டச்சின் பெரிய பெரிய பேச்சோடு அது மோதிக்கொண்டே இருக்கிறது. அவனால் அதைத் தர்க்கமாக எடுத்துச் சொல்ல முடியாது, உடம்பில்தான் உணர்வான். பொதுவாக ஐ.எஸ்.எஃப்.பி என்றால் மென்மையான கலைஞர், கிட்டார், மலர்க்கிரீடம். இந்தக் கலைஞன் ஆளை அடித்துப் பல்லைக் கழற்றுகிறவன். மென்மை அவனுக்குள் இருந்தும் அது யாரையும் காப்பாற்றாமல் இருந்த காலம்தான் அவன் வாழ்க்கையின் பெரும் பகுதி. வகை நல்ல குணத்துக்குச் சான்றிதழ் இல்லை என்பதை இவனை விட நன்றாகக் காட்டிய பாத்திரம் எனக்குத் தெரிந்து கேமில் இல்லை. டௌன்ஸின் மனைவியும் மகனும் சீரழிந்து நிற்பதைப் பின்னாளில் கண்டு, பணம் கொடுத்து ஊரை விட்டுப் போகச் சொல்கிறான். மன்னிப்புக் கிடைக்காது என்று தெரிந்துதான் கொடுக்கிறான்.

ஆபியைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் ஆசை அதிகம்.

'த லாஸ்ட் ஒஃப் அஸ்' முதல் பாகம் 2013. அதில் ஜோல் என்ற மனிதரோடும் எல்லி என்ற சிறுமியோடும் நாம் ஊர் ஊராக நடந்து அவர்களை நேசிக்கத் தொடங்கிவிடுவோம். 2020 ஜூனில் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே ஆபி என்ற பெண் ஜோலைக் கொல்கிறாள். பிறகு கதையின் பாதியில், எதிர்பாராத இடத்தில், கேம் நம்மை ஆபியாக விளையாட வைக்கிறது. ஆபிக்கு உழைத்து ஏற்றிய உடம்பு. தோளும் கையும் பார்த்தால் இராணுவக்காரி. ஆபியாக நடித்த லோரா பெய்லிக்கு இந்தப் பாத்திரத்துக்காகவே கொலை மிரட்டல் வந்தது. அதே நடிப்புக்கு அந்த ஆண்டின் கேம் விருது விழாவில் சிறந்த நடிப்புக்கான பரிசும் கிடைத்தது.

இணையத்தில் அவளுக்குப் பெரும்பாலும் ஈ.எஸ்.டி.ஜே, ஐ.எஸ்.டி.ஜே என்றுதான் எழுத்து வைக்கிறார்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவள், கடமை, ஒழுங்கு. பார்த்தால் சரிபோலத்தான் இருக்கும். ஆனால் அவள் நாணயம் சேர்க்கிறவள். அப்பாவோடு சேர்ந்து பழகிய பழக்கம், அவர் போன பின்னும் விடவில்லை. பாழடைந்த நகரத்தில் எதிரியைத் தேடிப் போகும் வழியில் ஒரு பழைய காசு கண்ணில் பட்டால் குனிந்து எடுத்துக்கொள்வாள். அவளுக்கு உயரம் என்றால் பயமும் கூட. எதிரிக் கூட்டத்தார் உயரமான கட்டடங்களுக்கு நடுவே பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் நடக்க வேண்டும். கீழே பார்த்தால் திரையே தலைசுற்றுகிறது. கையால் ஆளின் கழுத்தை முறிக்கக் கூடிய பெண் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். லெவ் என்ற சிறுவன் முன்னால் போய் அவளை அழைத்துச் செல்கிறான்.

அந்தப் பாலத்தில் நடந்தபோது எனக்கு ரிவர்ஸ்டன் உச்சியில் காற்று தள்ளும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. பயம் என்று சொல்லிவிட்டு நடப்பதும், பயம் இல்லாமல் நடப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நடைதான். கேம் அந்த வித்தியாசத்தை நம் கைக்குள்ளேயே கொண்டு வந்து வைக்கிறது.

இன்னொன்று. ஐ.எஸ்.டி.ஜே என்றால் படையை விட்டுப் போகமாட்டார் என்பது அச்சு. ஆபி போகிறாள். லெவையும் சேர்த்துத் தன் உயிரைக் காப்பாற்றிய இரண்டு பிள்ளைகளும் எதிரிக் கூட்டத்தின் பிள்ளைகள். அவர்களை விட்டுவிட்டு வந்த இரவு தூக்கத்தில் கெட்ட கனவாக வருகிறது, எழுந்து திரும்பிப் போகிறாள். என் கருத்தில் அவள் ஐ.எஸ்.டி.ஜே என்பது அப்படியே பொருந்தும். படையை விட்டுப் போவதும் அதே குணத்தால்தான். பட்ட கடனைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்ற உறுத்தல் அவளுக்கு இயல்பு. அப்பாவின் சாவுக்கு ஜோலைப் பழிவாங்கியதும் அந்தக் கணக்குத்தான், பிள்ளைகளைத் தேடிப் போனதும் அந்தக் கணக்குத்தான். ஒரே ஊற்று, இரண்டு பக்கமும் பாய்கிறது. அச்சில் வார்த்த ஐ.எஸ்.டி.ஜே பாத்திரத்துக்கு ஒரு பக்கம்தான் எழுதுவார்கள்.

'டிஸ்கோ எலிசியம்' பற்றி ஒரு தனிப் பதிவே போடலாம், இங்கே கொஞ்சம்தான். 2019இல் வந்தது, எஸ்டோனியாக்காரர்கள் தொடங்கிய நிறுவனம் செய்தது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு பொலிஸ்காரர் கொலையைத் துப்பறிகிறார். அவருடைய குணம் இருபத்துநான்கு திறன்களாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு திறனும் தலைக்குள் தனித்தனிக் குரலில் பேசும். தர்க்கம் ஒன்று சொல்லும், பரிவு வேறொன்று சொல்லும், உடம்பு குறுக்கே பேசும். எல்லாக் குரலும் சரியாகச் சொல்வதில்லை. மனிதரை நாலெழுத்தில் அடக்குவதற்கு எதிர்த்திசையில் ஒரு கேம் இவ்வளவு தூரம் போனதை நான் கண்டதில்லை. பக்கத்திலேயே கிம் கிட்சுராகி என்ற துணைப் பொலிஸ் அதிகாரி வருகிறார். கண்ணாடி, குறிப்புப் புத்தகம், நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட். யாரைக் கேட்டாலும் ஐ.எஸ்.டி.ஜே என்பார்கள், நானும் அப்படியே சொல்வேன். அதே கிம்முக்கு வேகமான மோட்டார் வண்டி என்றால் உயிர். பாழடைந்த தேவாலயத்தில் இசை போட்டு நீங்கள் சரியாக அழைத்தால் ஆடவும் செய்வார். அதை முதல் தடவை பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு கண் கலங்கியது. ஒழுங்கானவர்களுக்கு ஆசை கிடையாது என்று யார் சொன்னது? ஒழுங்கு என்பது பல சமயம் ஆசைக்கு ஒதுக்கி வைத்த இடம்.

இனி வெண்பா.

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, அந்த முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த வழியில் நடந்தார்கள். காடு, நோய், பசி என்று எத்தனையோ பேர் செத்து விழுந்த வழி. ஒகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் வந்து முடித்தார்கள். அந்த நடை தொடங்கிய சில நாளில், ஜூலை 31ஆம் திகதி, ரொறன்ரோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 'வெண்பா'வை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு குடும்பத்தின் கதை. மறு ஆண்டு சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப் விழாவில் முதற்பரிசும், பாஃப்டாவில் சிறந்த அறிமுகக் கேம் விருதும் வாங்கியது. தமிழ்ப் பெயருள்ள, தமிழ்ச் சமையலறையில் நடக்கும் கேம்.

1988இல் தொடங்குகிறது. வெண்பாவும் பாவலனும் புதிதாகக் குடியேறிய தம்பதி, நிலையான வேலை இல்லை, திரும்பிப் போய்விடலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். வெண்பாவின் அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, மை கலைந்து கிடக்கிறது. அழிந்த வரியை நாம்தான் நிரப்ப வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே வரும் என்று யோசிக்க வேண்டும். புட்டுக் குழலில் முதலில் வில்லையைப் போடாவிட்டால் மா முழுக்கக் கீழே கொட்டிவிடும். நம் ஊரில் புட்டு அவித்து வளர்ந்தவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகத்தின் மறுகோடியில் இருக்கும் ஒருவர் அதைக் கண்டுபிடிக்கத் திணறியதைப் பார்த்தபோது எங்கள் அம்மாச்சியின் கைக்கு ஒரு மரியாதை கிடைத்த மாதிரி இருந்தது.

வெண்பாவுக்கு எல்லோரும் உடனே வைக்கும் எழுத்து ஐ.எஸ்.எஃப்.ஜே. சமைக்கிறாள், பிள்ளைக்காக வாழ்கிறாள், பழசை நினைக்கிறாள். சரி என்றே வைத்துக்கொள்வோம். அந்த வகைக்கு வழக்கமாக எழுதும் அம்மாவைப் பாருங்கள். தனக்கென்று எதுவும் கேட்கமாட்டாள், கோபப்படமாட்டாள், முடிவில் தியாகச் சிலையாக நிற்பாள். தமிழ் சினிமாவில் எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம்!

வெண்பா அப்படி இல்லை. அவளுக்கு மனத்தாங்கல் வருகிறது. பள்ளி விட்டு வரும் மகன் கவின் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது முகம் சுருங்குகிறது. அந்த நாட்டில் இருக்கவா போகவா என்பதில் அவளுக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருக்கிறது, கணவனின் கருத்துக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்வதில்லை. சமையலைக் கூட அவள் சும்மா பாசமாகச் செய்வதில்லை. கிழிந்த குறிப்பை வைத்துக்கொண்டு முயன்று, பிழைத்து, திரும்ப முயன்று, அம்மா செய்த அதே பதத்தை வேறொரு நாட்டு அடுப்பில் வரவழைக்கிறாள். அது மூளை வேலை. நினைவை ஆதாரமாக வைத்து ஒரு புதிரை விடுவிக்கும் வேலை. ஐ.எஸ்.எஃப்.ஜே ஆட்களின் பலமே அதுதான், நுணுக்கமாகச் சேர்த்து வைத்த நினைவு. அச்சில் வார்க்கிறவர்கள் அதை எடுத்துவிட்டு வெறும் அன்பை மட்டும் விட்டுவைக்கிறார்கள். வெண்பா வகையை மீறுகிறாள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் அவள் வகையை முழுதாக வாழ்கிறாள், அச்சுத்தான் குறைப் பிரசவம்.

கவினைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிற்பகுதியில் அவன் வளர்ந்து, அதே குறிப்புப் புத்தகத்தை எடுத்துச் சமைக்க முயல்கிறான். தமிழ் எழுத்து அவனுக்குச் சரியாக ஓடுவதில்லை, இதுவரை நமக்குத் தெளிவாகத் தெரிந்த குறிப்பு இப்போது ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. அம்மாவின் கையிலிருந்து மகனின் கைக்கு ஆட்டம் மாறும்போது மொழியே மங்கிப்போகிறது. நன்றி கெட்ட பிள்ளை என்று அவனுக்கு ஒரு முத்திரை குத்திவைத்திருந்தவர்கள் அந்த இடத்தில் அதை எடுத்தாக வேண்டும்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். எங்கள் சனங்களை இருநூறு வருடமாக வகைப்படுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது ஒரு வகை. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பிரித்தபோது யாரும் யார் எப்படிப்பட்டவர் என்று கேட்கவில்லை. கதையிலும் நாடகத்திலும் கூட அதிகம் கிடைத்தது ஒரே உருவம். கூடை, குனிந்த முதுகு, பேசாத வாய். பாவப்பட்டவர்கள், உழைப்பாளிகள், அவ்வளவுதான். மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு, மலரன்பன் போன்ற நம் எழுத்தாளர்கள் உள்ளே இருந்து எழுதியதற்குப் பிறகுதான் லயத்துக்குள் சண்டைக்காரியும் கணக்குப் புலியும் கனவு காண்பவரும் இருப்பது வெளியே தெரியத் தொடங்கியது.

எங்கள் மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றிலும் அச்சுக்குள் அடங்காதவர்களுக்குக் குறைவில்லை. 1848 கலகத்தைக் கண்டி இராச்சியத்து விவசாயிகளின் எழுச்சி என்று படிக்கிறோம். அதில் முன்னால் நின்ற புரன் அப்பு கரையோர மொரட்டுவையில் பிறந்தவர். தம்புள்ளை விகாரையில் மன்னராக முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டாவும் கீழ்நாட்டிலிருந்து வந்தவர். "கண்டிய வீரர்" என்ற வகைக்குள் தேடியிருந்தால் இந்த இருவரையும் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

பிள்ளைகளுக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். ஒரு பாத்திரத்துக்கு எழுத்து வைக்கும்போது அவருடைய தொழிலையும் ஆயுதத்தையும் முதலில் கழித்துவிடுங்கள். நீங்கள் பட்டன் அமத்திச் செய்ததையும் கழித்துவிடுங்கள். பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். யாரும் பார்க்காதபோது அவர் என்ன செய்கிறார்? எதற்குப் பயப்படுகிறார்? எந்தக் கேள்விக்குப் பொய் சொல்கிறார்? எதைச் செய்யத் தெரியாமல் தடுமாறுகிறார்? எழுத்து அதற்குப் பிறகு வரட்டும். வந்த எழுத்தோடு பொருந்தாத ஒன்று மிச்சம் இருந்தால் எழுத்தை மாற்ற அவசரப்படாதீர்கள். அந்த மிச்சத்தைப் பற்றிப் பேசுங்கள், நல்ல எழுத்தாளர் உழைத்த இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சித்தி மகன் இப்போது கேம் செய்வது எப்படி என்று யூடியூப்பில் படித்துக்கொண்டிருக்கிறான். அவனைப் போல் ரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் உக்குவளையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரொறன்ரோவில் ஒரு சிறிய குழுவால் ஒரு சமையலறையை வைத்து உலகப் பரிசு வாங்க முடிந்திருக்கிறது. உங்களில் யாராவது ஒருநாள் ஒரு தோட்டத்தை வைத்து கேம் செய்தால், தயவுசெய்து கொழுந்தெடுக்கும் அக்காவைப் பாவமாக மட்டும் எழுதாதீர்கள். அவருக்கு ஒரு பிடிவாதம் கொடுங்கள், யாருக்கும் காட்டாத ஒரு சேகரிப்பைக் கொடுங்கள், பெரட்டில் கணக்கப்பிள்ளையிடம் வாயாடிவிட்டு வீட்டில் பல்லிக்குப் பயப்பட விடுங்கள். எந்த நாலெழுத்து என்று நாங்கள் விளையாடி முடித்துச் சண்டை போட்டுக்கொள்கிறோம்.